முந்நூற்றறுபது நாள்

எங்கள் ஐயங்கார்குளத்து ஏரிக்குத் தாதசமுத்திரம் என்று பெயர். விஜயநகர வேந்தர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில், லக்ஷ்மிகுமார தாதாசாரியார் வெட்டுவித்தது. ஏரியை வெட்டுவதற்கு ஒரு பெரியவரின் மனமும் பொருளும் போதும். வெட்டிய ஏரியைக் காப்பதோ ஆண்டுதோறும் செய்ய வேண்டிய வேலை. அந்த வேலையை மனிதர்களிடம் எவ்வாறு அளந்து கொடுத்தார்கள் என்று அறிய உத்திரமேரூருக்குத்தான் செல்ல வேண்டும். அங்கே வைகுண்டப் பெருமாள் கோயிலில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறித்த இரண்டு கல்வெட்டுகள் இருக்கின்றன.

குடவோலையைப் பற்றி நேயர்கள் பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, ஏதும் அறியாத சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தார்கள். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து, உள்ளங்கையில் அந்த ஓலையை ஏற்று வாசித்தான். நம் பாடநூல்கள் இந்தக் காட்சியோடு நின்றுவிடும். பல ஆண்டுகள் இதே பாடத்தை நடத்திய எனக்கு, அதற்குப் பின் வரும் பகுதியே அரியதாகத் தோன்றுகிறது.

தேர்ந்த 30 பேரில், முன்பே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் ஆகியோரிலிருந்து 12 பேர் சம்வத்சர வாரியம். மற்றவர்களில் 12 பேர் தோட்ட வாரியம். 6 பேர் ஏரி வாரியம். இவர்கள் முழுமையாக 360 நாள் பணியாற்றி விலக வேண்டும். இடையில் குற்றம் கண்டால் அப்பொழுதே நீக்கலாம். விலகியவர் பெயர் மூன்று ஆண்டுகளுக்குக் குடத்தில் விழாது.

இதை ஒரு தனிமனிதனின் வாழ்க்கையில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 921-ஆம் ஆண்டு விதிப்படி வயது 35-க்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும். ஓராண்டு வேலை, மூன்றாண்டு ஓய்வு என்றால், ஆயுளில் எட்டு ஒன்பது தவணைகளுக்கு மேல் கிடைக்காது. அதுவும் ஒவ்வொரு முறையும் ஓலை வந்தால்! ஆகவே, சம்வத்சர வாரியத்தில் அமர விரும்பியவன் அதை நேராக நாடிப் பயனில்லை. இந்த ஆண்டு ஏரிக்கரை, பின்னொரு தவணையில் தோட்டம் என்று துண்டு துண்டாகவே ஏற வேண்டியிருந்தது. பள்ளியிலும் இதைக் கண்டிருக்கிறேன். "இலக்கணம் முழுவதையும் கற்பேன்" என்று சபதம் செய்த மாணவன் ஆடி மாதத்திலேயே சோர்ந்துவிடுவான். "பொங்கலுக்குள் புணர்ச்சி விதி" என்று ஒன்றைப் பிடித்துக்கொண்டவன் கரையேறுவான். ஆசிரியப் பயிற்சியில் வாரந்தோறும் பாடக்குறிப்பு எழுதவைத்ததன் பொருள் எனக்கு விளங்கியது அப்போதுதான்.

தவணை குறுகியதாக இருந்தால் மட்டும் போதாது. முடிவில் கணக்கு வேண்டும். எந்த வாரியத்திலிருந்தாவது கணக்குக் காட்டாமல் போனவர் பெயரைக் குடத்திலிடலாகாது என்கிறது கல்வெட்டு. அதோடு விடவில்லை. அவருடைய சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மருமகன் என்று உறவினரையும் விலக்கியது. ஓராண்டில் ஒருவர் செய்த பிழைக்குச் சகோதரி மகன் ஏன் வாட வேண்டும்? இந்த விதி எனக்கு உவப்பானதன்று. ஆனால் கணக்கை எவ்வளவு பெரிதாக மதித்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இந்த ஏற்பாட்டை இன்றைய குடியரசோடு ஒப்பிட்டுப் புகழ்பவர்கள் உண்டு. உத்திரமேரூர் அன்று சதுர்வேதிமங்கலம். கால் வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையவர்க்கே ஓலை. நிலத்தை உழுத குடிகளின் பெயரும், பெண்டிர் பெயரும் குடத்தில் இல்லை. அதை மறைத்துப் பேசுவது வரலாறாகாது.

இன்னொன்று. 919-ஆம் ஆண்டு விதியில் வயது வரம்பு 30 முதல் 60 வரை. அப்போது அரசன் ஆணையோடு சபையில் உடனிருந்தவர் தத்தனூர் மூவேந்தவேளான். 921-இல் சோமாசிப் பெருமான் என்ற அதிகாரி உடனிருக்க, மகாசபை மீண்டும் கூடி வயதை மாற்றியது. தகுதிகளையும் விலக்குகளையும் இன்னும் விரிவாக வகுத்தது. விதி நடைமுறைக்கு வந்து இரண்டே ஆண்டுகள்தாம் ஆகியிருந்தன. முன்பு எழுதியதை அழிக்கவுமில்லை. திருத்தியதை அதே கோயிலில் வேறாகப் பொறித்து வைத்தார்கள். இரண்டையும் இன்றும் படிக்கலாம்.