பொழுதுபோக்கு என்ற பெயரில் ஒரு புதையல்

தில்லைத் திருக்கோயிலைக் குறித்துச் சைவ மரபு வழங்கிவரும் செய்தி ஒன்று உண்டு. மூவர் பாடிய தேவாரச் சுவடிகள் அங்கே ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் கதவைத் திறக்கச் செய்தபோது அவற்றைக் கறையான் புற்று மூடியிருந்தது. எஞ்சியவை சிலவே என்பது அச்செய்தி. ஏட்டை அழிக்கப் பகைவன் வேண்டியதில்லை. பூட்டும் மறதியும் போதும்.

கத்தோலிக்கராகிய நமக்கும் இவ்வனுபவம் புதிதன்று. 1578-இல் கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலின் படி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உள்ளது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயின்ற தனிநாயகம் அடிகளார், 1679-இல் அச்சான தமிழ்–போர்த்துக்கீசிய அகராதியைக் காண வத்திக்கான் நூலகத்திற்கே செல்ல வேண்டியிருந்தது. 1966-இல் அதை அவர் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். நம் முன்னோர் கையில் தவழ்ந்த நூல்களை அயலார் பேணினர். நாம் ஏன் பேணவில்லை?

பேணியவர் ஒருவரும் நம்மிடையே இருந்தார். செட்டிநாட்டுக் கோட்டையூரில் பிறந்த ரோஜா முத்தையா அவர்கள் பேராசிரியர் அல்லர். பட்டம் பெற்ற ஆய்வாளரும் அல்லர். சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் நடத்திய ஓவியர். ஓய்ந்த நேரங்களில் மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகளில் நின்று, பிறர் எடைக்குப் போட்டவற்றை விலை கொடுத்து வாங்கினார். பின்னர் சொந்த ஊர் திரும்பியபோது சேகரிப்பே அவருடைய வாழ்வாயிற்று.

அவர் சேர்த்தவை எவை? இலக்கிய நூல்கள் மட்டுமா? மலிவு விலை நாவல்கள், நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புத்தகங்கள், வார மாத இதழ்கள், திருமண அழைப்பிதழ்கள், கடிதங்கள் என்று அவர் ஆர்வம் படராத துறையில்லை. அறிஞர்கள் ஒதுக்கித் தள்ளியதை அவர் ஒதுக்கவில்லை. ஒரு நாடக நோட்டீசு, அன்று டிக்கெட் என்ன விலை, யார் நடித்தார், எவ்வூரில் கொட்டகை இருந்தது என்பதையெல்லாம் சொல்லும். வேறெந்த வரலாற்று நூலில் இவற்றைக் காண முடியும்? தமிழ் ஆராய்ச்சியாளர் பலர் கோட்டையூருக்கு வழி கேட்டு வந்தனர்.

1992-இல் அவர் மறைந்தார். ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் அவ்வீட்டில் இருந்தன. இத்தகைய தருணத்தில்தான் பெரும்பாலான சேகரிப்புகள் மடிந்துபோகின்றன. ஆனால் 1994-இல் சிகாகோ பல்கலைக்கழகம் அதை அவர் குடும்பத்தாரிடமிருந்து விலைக்கு வாங்கியது. வாங்கியும் கடல் கடத்திச் செல்லாமல் தமிழகத்திலேயே விட்டது. இன்று அது சென்னைத் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாகத் திகழ்கிறது. பல நூற்றாண்டுகளாக நம் ஏடுகள் கப்பலேறிய வரலாற்றில் இஃது ஒரு திருப்பம்.

இனி நம் ஊர்களுக்கு வருவோம். கடலூரிலும் சிதம்பரத்திலும் பரங்கிப்பேட்டையிலும் இத்தகைய பெரியவர்களை நாம் அறிவோம். படையிலோ பள்ளியிலோ இரயில்வேயிலோ பணிபுரிந்து ஓய்ந்தவர்கள். ஒருவர் தபால்தலை ஒட்டுவார். ஒருவர் பழைய நாணயம் தேய்ப்பார். ஒருவர் நாடோறும் நாட்குறிப்பு எழுதுவார். "தாத்தாவுக்கு வேறு வேலையில்லை" என்று வீட்டார் சிரிப்பதுண்டு. அடக்கம் முடிந்து முப்பதாம் நாள் கடந்ததும் பழைய பேப்பர்காரரின் தராசு வாசலில் வந்து நிற்கும். குடும்பத்தின் நூறாண்டு நினைவு அங்கே கிலோக்கணக்கில் விலைபோகும்.

நம் கடற்கரைக்கு வேறு பகைகளும் உண்டு. 2004-இல் ஆழிப்பேரலை, 2011-இல் தானே புயல், 2015-இல் பெருவெள்ளம். எத்தனை வீடுகளில் படங்களும் பத்திரங்களும் சேறாயின! இவ்வளவையும் தாண்டி ஒரு பெட்டி தப்பியிருக்குமாயின், அதை நம் கையாலேயே அழிக்கலாமா?

அன்பர்களே, பெரிய நூலகம் அமைக்க எல்லாராலும் இயலாது. ஆயினும் தராசுக்காரரை அழைக்குமுன் பெட்டியை ஒருமுறை திறந்து பார்க்க எவராலும் இயலும். ஈரம் படாத இடத்தில் வையுங்கள். பெரியவர் உயிரோடிருக்கும்போதே அருகில் அமர்ந்து, நிழற்படத்தில் நிற்பவர் யார், எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்டுப் பின்புறம் பென்சிலால் எழுதிவையுங்கள். அவர் போனபின் அந்தப் பெயர்களைச் சொல்ல வேறு யார் இருக்கிறார்கள்?