அடிக்காட்டுக் குருவியின் வரலாறு



வரலாறு என்றதும் மன்னரையும் போரையும் எண்ணுவது நமது வழக்கம். ஆயினும் ஒரு சிறு குருவிக்கும் வரலாறு உண்டு. நமது மத்திய மலைநாட்டுக் காடுகளில் வாழும் புதர்க் கதிர்க்குருவியின் கதையில் ஒரு மலையின் கதையும், அம்மலையில் உழைத்த மக்களின் கதையும் பின்னிக் கிடக்கின்றன.

ஏறத்தாழ 16 சென்றிமீற்றர் நீளமுள்ள இக்குருவி, கரும்பழுப்பு நிறமும் அகன்ற வாலும் கொண்டது. பெரும்பாலும் 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், நிலத்தை ஒட்டிய அடர்ந்த புதர்களுக்குள் ஒளிந்து திரிந்து பூச்சி புழுக்களைத் தின்று வாழ்வது. இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இது இல்லை. உயர்ந்த மரங்கள் இதற்குப் பொருட்டல்ல. அவற்றின் காலடியிலுள்ள அடிக்காடே இதன் உலகம். அவ்வடிக்காட்டில் மூங்கிற் புதர்களோடு, நெலு எனப்படும் செடிகளும் மண்டி வளர்கின்றன. பல்லாண்டுகளுக்கு ஒருமுறை திரளாகப் பூத்து மடியும் இந்த நெலு, தமிழன் தன் மலைநிலத்திற்குப் பெயராகச் சூட்டிய குறிஞ்சியின் நெருங்கிய உறவு என்பது இலக்கிய அன்பர்களுக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும்.

1851ஆம் ஆண்டில், கல்கத்தாவில் வங்காள ஆசியச் சங்கத்தின் அருங்காட்சியகத்தைப் பராமரித்து வந்த எட்வேர்ட் பிளைத் இக்குருவியை விஞ்ஞான உலகிற்கு அறிமுகஞ் செய்து, பலிசர் என்பவரின் பெயரை இதற்கு இட்டார். பின்னர் 1879இல், இலங்கைப் பறவைகளைப் பற்றிப் பெருநூல் எழுதிய படை அதிகாரி வின்சன்ட் லெக், இதனைத் தனியொரு பேரினமாக வகுத்தார். இன்றும் அப்பேரினத்தில் இந்த ஓரினமே உள்ளது.

குருவி ஏட்டில் இடம்பெற்ற அதே காலத்தில் அதன் வீடு அழிந்துகொண்டிருந்தது. கோப்பித் தோட்டங்களுக்காக மலைச்சரிவுகள் வெட்டி எரிக்கப்பட்டன. அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் பெருந்தொகையினர், தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, வறண்ட காட்டினூடாக மாத்தளை நோக்கி நடந்து வந்த தமிழ்த் தொழிலாளர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். மலை ஏறியவர்களின் பெயரைத் தாங்கி எந்தப் பறவையும் பறக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமோ அவர்தம் வழித்தோன்றல்களுள் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கிற்று.

1869இல் கோப்பி இலையில் தோன்றிய பங்கசு நோய் அப்பயிரை வீழ்த்த, வெட்டிய நிலங்களில் தேயிலை வந்தது. எனினும் காடு முற்றாக அழியவில்லை. 1873இல், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைக்கு இணங்க, 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விட வேண்டுமென அரசு பணித்தது. நீரூற்றுகளைக் காக்கும் நோக்கிற் பிறந்த அக்கோடு குருவியையும் காத்தது. 1988இல் ஹோட்டன் சமவெளி தேசியப் பூங்காவாயிற்று. 2010இல் சிவனொளிபாதமலைக் காடு, ஹோட்டன் சமவெளி, நக்கிள்ஸ் ஆகியன உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றன.

ஆயினும் ஓர் எச்சரிக்கை உண்டு. நக்கிள்ஸ் மலைகளில் உயர்ந்த மரங்களை விட்டு, அவற்றின் கீழுள்ள செடிகளை நீக்கி ஏலம் பயிரிட்டனர். தூரத்திலிருந்து நோக்குவோர்க்கு அது பசுங்காடு; புதரை நம்பிய குருவிக்கோ அது வெறும் நிலம். மரம் நின்றால் காடு நின்றது என்று எண்ணுவது எத்துணைத் தவறு!

வரலாறும் ஒரு காடுதான், நேயர்களே. ஆளுநரும் துரைமாரும் அறிஞரும் அதில் நெடுமரங்கள். பெயர் எழுதப்படாத மக்கள் அதன் அடிக்காடு. நெடுமரங்களை மட்டும் எண்ணி முடித்த வரலாறு, ஏலத்தோட்டமான காட்டைப் போன்றது. அங்கே நிழல் இருக்கும். குருவியின் குரல் இராது.