அப்பாவின் காதும் ஒரு கண் கழுவும் கிண்ணமும்

அகமதாபாத்திலிருந்து ஞாயிறுதோறும் ஊருக்குப் போன் செய்தால் அப்பா அதிகம் சொல்வது "என்னடா சொன்னே?" தான். பழைய காது மெஷின் விசில் அடிக்கும் என்று கழற்றி வைத்துவிடுவார். நான் கத்த, பக்கத்து ஃபிளாட் குஜராத்தி மாமி ஏதோ சண்டை என்றே நினைத்திருந்தார் :-)

போன மாசம் அப்பா இங்கே வந்தபோது புதிதாக ஒன்று வாங்கினோம். காதுக்குள் மாவு மாதிரி எதையோ நிரப்பி அச்சு எடுத்தார்கள். அதை ஸ்கேன் செய்து, கூட்டை முப்பரிமாண பிரிண்டரில் அடிப்பார்களாம். கூடு சரியாகப் பொருந்தாவிட்டால் சத்தம் இடுக்கு வழியே கசிந்து மறுபடி மைக்குக்குள் போகும். அதுதான் விசில். முன்பெல்லாம் கூட்டைக் கையால் ராவி ராவிச் சரிசெய்வார்கள். 2000-க்குப் பிறகுதான் கம்பெனிகள் பிரிண்டருக்கு மாறின.

யார் கண்டுபிடித்தது என்று தேடியதில் ராத்திரி ஒரு மணி ஆகிவிட்டது.

திரவப் பிசினின் மேல் ஒளியைப் பாய்ச்சி, அடுக்கடுக்காக இறுக வைத்துப் பொருள் செய்யும் முறையை நகோயாவில் ஹிதேயோ கொடாமா 1981-லேயே கட்டுரையாக வெளியிட்டார். காப்புரிமைக்கும் மனு போட்டிருந்தார். கெடுவுக்குள் மேற்கொண்டு எதுவும் செய்யாததால் அது காலாவதி ஆனது. 1984 ஜூலை 16-ல் பிரான்சில் மூன்று பேர் மனு போட்டார்கள். அவர்களுடைய நிறுவனங்களே வியாபாரத்துக்கு உதவாது என்று கைவிட்டன. சுமார் மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 8-ல், அமெரிக்கரான சக் ஹல் போட்ட மனுவுக்கு 1986-ல் காப்புரிமை கிடைத்தது. 1983-ல் அவர் முதன்முதலாகச் செய்து பார்த்தது ஒரு சின்னக் கண் கழுவும் கிண்ணம்!

வியாபாரத்துக்கு உதவாது... கடன் மனுக்களில் இந்த வரியை நானே எத்தனை முறை எழுதியிருப்பேன்! எழுதும்போது ஒன்றும் உறுத்தவில்லை. இப்போது அந்தப் பெயர் தெரியாத பிரெஞ்சு அதிகாரி என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

2012-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், மூச்சுக்குழாய் அடிக்கடி சுருங்கி அடைத்துக்கொண்ட ஒரு கைக்குழந்தைக்கு, அதன் ஸ்கேனைப் பார்த்தே அளவெடுத்த தாங்கி ஒன்றை அச்சடித்துப் பொருத்தினார்கள். (இது பொடியை லேசரால் இளக்கி ஒட்டவைக்கும் வேறு முறை.) சுமார் மூன்று வருஷத்தில் உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும் பிளாஸ்டிக். அதற்குள் குழந்தையின் குழாய் தானாக வலுவாகிவிடும். கண் கழுவும் கிண்ணத்திலிருந்து இதற்கு வர 29 வருஷம். இவ்வளவு நீண்ட கெடு எந்தக் கடனுக்கும் நான் கொடுத்ததில்லை.

அப்பா ஊருக்குத் திரும்பிவிட்டார். நேற்று பழக்க தோஷத்தில் கத்தியே பேசினேன்.

"மெதுவா பேசுடா, காது கிழியுது" என்றார்.