வட்டாரச் சபை (நியூசிலாந்து)

நியூசிலாந்து தேசத்தில் 1989ஆம் ஆண்டின் ஸ்தல ஸ்தாபனச் சீர்திருத்தத்தால் உருப்பெற்று, 1991ஆம் ஆண்டின் இயற்கைவள நிர்வாகச் சட்டப்படி நீர், நிலம், காற்று ஆகியவற்றின் நிலையைக் கண்காணிக்கும் கடமையை ஏற்ற வட்டாரச் சபைகளின் எல்லைகள், பெரும்பாலும் நதிகளின் வடிநிலங்களையே அனுசரித்து வகுக்கப்பட்டமை மிக விவேகமான ஏற்பாடாகும். ஆற்றின் மேட்டில் கலந்த மாசு பள்ளத்தில் குடிப்போரை அடையாமல் இராதன்றோ? ஆற்றில் இறங்கும் ஊழியர், நீருக்குள் நிறுத்திய கரிய வட்டத் தகட்டை நோக்கியவாறே மெல்லப் பின்வாங்கி, அது கண்ணுக்கு மறையும் தூரத்தை அளந்து நீரின் தெளிவைக் கணிப்பர். கூழாங்கல்லைப் புரட்டி, மாசு பொறாத பூச்சிகளின் இளம்புழுக்கள் அதன் அடியில் ஒட்டியுள்ளனவா என்றும் பார்ப்பர். சிப்பியும் மீனும் மீண்டும் பெருகும்வரை எவரும் அவற்றை எடுக்கலாகாது என மாவோரி மக்கள் விதிக்கும் 'ராஹுயி' என்னும் தற்காலிகத் தடை, இச்சபைகளுக்கு நெடுங்காலம் முற்பட்ட பரிபாலன முறையாகும். அம்மக்கள் தம் மூதாதையாகப் போற்றும் வாங்கனுயி ஆறு, 2017இல் சட்டத்தின் முன் ஒரு நபராகவே அங்கீகாரம் பெற்றது.