குளிர்ப்புகையூட்டல்

உப்பிட்ட இறைச்சியை வேகவிடாமல், ஏறத்தாழ 30° செல்சியசுக்கு உட்பட்ட புகையில் நாள்கணக்கில் வைத்துப் பதப்படுத்தும் முறை. குளிர்நாட்டு உழவர்கள் பனிக்காலத் தொடக்கத்தில் பன்றியறுத்து, தொடைகளை வீட்டுக்கு வெளியே புகைக்குடிலில் தொங்கவிட்டனர். வெளிக்காற்றின் குளிர்ச்சி நுண்ணுயிர்ப் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தியது. புகை மட்டும் இறைச்சியைக் காப்பதில்லை. உப்பு ஈரத்தை வெளியேற்றுகிறது. உலர்காற்று மேற்பரப்பை இறுக்குகிறது. விறகின் லிக்னின் சிதைந்து தரும் ஃபீனால்கள் கொழுப்பில் சிக்குவாடை ஏறுவதைத் தாமதப்படுத்துகின்றன. வடஇத்தாலியின் தென் டிரோலில் செய்யப்படும் ஸ்பெக் என்னும் பன்றித்தொடைக்குப் புகை 20° செல்சியசைத் தாண்டக் கூடாது. இதற்கு 1996இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் அரிதான ஐஸ்லாந்தில், கிறிஸ்துமஸ் உணவான ஹாங்கிக்யோட் ஆட்டிறைச்சிக்கு உலர்ந்த ஆட்டுச்சாணப் புகையும் பயன்படுகிறது. சமைக்கும் அளவு வெப்பம் இல்லாததால், உப்பிடுதலில் குறை நேர்ந்தால் நச்சுணவு அபாயம் உண்டு.