திரும்பி வந்த தொண்ணூறு ஜோடி

இணையத்தில் கடை நடத்தும் பிள்ளைகள் 'பெர்சனல் பிராண்ட்' என்று பேசும்போதெல்லாம் எனக்கு லியோன் பீன் நினைவுக்கு வருவார். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக்காரர், வேட்டைப் பிரியர். ஈரத்தில் கால் நனையாதிருக்க, ரப்பர் அடிப்பாகத்தோடு தோல் மேல்பாகத்தைத் தைத்து ஒரு பூட்ஸ் செய்தார். 1912-இல் வெளிமாநில வேட்டைக்காரர்களுக்குத் தபாலில் விளம்பரம் அனுப்பி விற்றார். திருப்தி இல்லையென்றால் பணம் வாபஸ் என்று வாக்குக் கொடுத்திருந்தார். முதல் 100 ஜோடியில் 90 ஜோடி, தோலும் ரப்பரும் பிரிந்து திரும்பி வந்தன. சாக்குச் சொல்லாமல் எல்லோருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடன் வாங்கிக் குறையைச் சரிசெய்து மறுபடியும் விற்றார். எல்.எல்.பீன் என்று அவர் பெயரிலேயே அந்தக் கம்பெனி இன்றும் நடக்கிறது. முகம் பாராமல் பணம் அனுப்பியவர்களுக்கு அவரைப் பற்றித் தெரிந்தது அந்த ஒரு வாக்குதான். நஷ்டத்திலும் அதைக் காப்பாற்றியதால்தான் பெயர் நிலைத்தது என்பது என் எண்ணம்.