நம் வீட்டுச் சுவர் நம்முடையது மட்டுமா?

கடந்த ஆண்டு ஒரு நாள் காலை நாளிதழ் படித்துக் கொண்டிருந்தபோது, என் வீட்டுக் கூரையிலிருந்து சிமென்ட் பூச்சு பெயர்ந்து மேசை மீது விழுந்தது. சென்னையில் நான்கு தளங்கள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாவது தளத்தில் வசிக்கிறேன். மேல்வீட்டை அண்மையில் வாங்கிய இளைஞர், கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே இருந்த சுவரை இடித்துக் கொண்டிருந்தார். படியேறிச் சென்று விசாரித்தேன். 'எங்க வீட்டுச் சுவர்தானே சார், இதுக்குமா அனுமதி வாங்கணும்?' என்று மரியாதையுடன்தான் கேட்டார்.

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளாதாரம் கற்பித்த எனக்கு, அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு விதிகளைத் தேடிப் படித்தேன். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடமும் கேட்டறிந்தேன். வீட்டைப் புதுப்பிக்க எண்ணும் எவருக்கும் பயன்படும் என்பதால் அவற்றை இங்கே தருகிறேன்.

வீட்டுக்குள் செய்யும் எல்லா வேலைகளுக்கும் அரசின் அனுமதி தேவையில்லை. வண்ணம் பூசுதல், பூச்சு வேலை, தரையைப் புதுப்பித்தல், பொய்க்கூரை அமைத்தல் போன்றவற்றுக்கு அனுமதி வேண்டியதில்லை என்பதே 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பின் அணுகுமுறை. கேரள நகராட்சிக் கட்டட விதிகள் ஒருபடி மேலே சென்று, கட்டமைப்பை மாற்றாத உள் அலங்காரத்துக்கும் தடுப்புகளை அகற்றுவதற்கும் அனுமதி வேண்டாம் என்று வெளிப்படையாகவே பட்டியலிடுகின்றன.

கட்டமைப்பில் கை வைக்கும்போது நிலைமை மாறுகிறது. தமிழ்நாட்டில் 2019-இல் நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, கூடுதல் கட்டுமானத்துக்கும் கட்டமைப்பு மாற்றத்துக்கும் உரிய அமைப்பின் அனுமதி பெற வேண்டும். பால்கனியை அடைத்து அறையாக்குவது உள்வேலை போலத் தோன்றினாலும், அது கட்டடத்தின் பரப்பையும் வெளித்தோற்றத்தையும் மாற்றுவதாகும்.

அடுக்குமாடிக் குடியிருப்பில் இன்னொரு கூறும் உண்டு. அஸ்திவாரம், தூண், உத்திரம், முக்கியச் சுவர்கள், கூரை ஆகியவற்றை அடுக்குமாடி உரிமைச் சட்டங்கள் பொதுப் பகுதிகளாகவே கருதுகின்றன. தூண் நம் படுக்கையறையின் மூலையில் நிற்கலாம். ஆனால் அது எல்லோருடைய வீட்டையும் தாங்குகிறது. ஆகவே, அரசு அனுமதி தேவைப்படாத வேலைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதே முறை.

எந்தச் சுவர் சுமை தாங்குகிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தூணும் உத்திரமுமாகக் கட்டப்பட்ட வீடுகளில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் பெரும்பாலும் சுமை தாங்குவதில்லை. பழைய வீடுகளில் ஒன்பது அங்குலச் செங்கல் சுவரே கூரையைத் தாங்கும். அலுமினிய அச்சுகளைக் கொண்டு கட்டப்படும் புதிய அடுக்ககங்களில் உட்சுவர்களும் கான்கிரீட்டால் ஆனவை. அவற்றில் புதிய வாசல் வெட்டுவது கட்டடத்தையே வெட்டுவதற்கு ஒப்பானது.

தரையிலும் கவனம் தேவை. குடியிருப்பு அறைகளின் தளங்கள், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைக் கணக்கில் கொண்டு வடிவமைக்கப்படுகின்றன. பழைய தரையைப் பெயர்க்காமல், அதன் மேல் 5 செ.மீ. கலவையிட்டு 18 மி.மீ. கிரானைட் பதித்தால், சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ நிரந்தரமாகக் கூடுகிறது. யாரும் அறியாமல் ஏறும் சுமை அது.

இவை வெறும் அச்சங்கள் அல்ல. 2017 ஜூலை 25 அன்று மும்பை காட்கோபரில் நான்கு மாடிக் கட்டடம் ஒன்று இடிந்து 17 பேர் உயிரிழந்தனர். தரைத்தளத்தில் நடந்த புதுப்பிப்புப் பணியில் தூண்கள் சேதப்படுத்தப்பட்டன என்பதே எழுந்த குற்றச்சாட்டு. 2022 பிப்ரவரியில் குருகிராமில் ஆறாவது தளத்து வீடொன்றில் பராமரிப்பு வேலை நடந்தபோது தளம் சரிந்து, கீழே முதல் தளம் வரை இடிந்தது, இருவர் இறந்தனர். அந்தக் கட்டடத்தின் கான்கிரீட்டே தரமற்றிருந்தது பின்னர் தெரியவந்தது. கட்டடத்தின் நிலையை ஆராயாமல் உளியை எடுக்கக் கூடாது என்பதற்கு அதுவே சான்று.

அப்படியானால் மக்கள் ஏன் அனுமதி கேட்பதில்லை? ரொனால்டு கோஸ் என்ற பொருளாதார அறிஞர் 1960-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் இதற்கு விடை உண்டு. உரிமைகள் தெளிவாக வரையறுக்கப்பட்டு, பேசித் தீர்ப்பதற்கான செலவும் குறைவாக இருந்தால், அண்டை வீட்டார் தமக்குள்ளேயே உடன்பாடு காண முடியும் என்பது அவர் கருத்தின் சாரம். நம் நகரங்களில் இரண்டும் இல்லை. எந்த வேலைக்கு அனுமதி வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அலைச்சலுக்கும் 'கவனிப்பு'க்கும் அஞ்சிக் கேட்காமல் விடுகிறார்கள். ஒருவர் மிச்சப்படுத்தும் செலவு, இன்னொருவர் வீட்டுக் கூரையில் விரிசலாக விழுகிறது.

சிங்கப்பூரில் மக்களில் முக்கால்வாசிக்கும் மேற்பட்டோர் வசிக்கும் வீவக அடுக்ககங்களில், எவ்வேலைக்கு அனுமதி வேண்டும் என்பது பட்டியலாகவே உள்ளது. பதிவு பெற்ற ஒப்பந்தக்காரரே அப்பணியைச் செய்ய வேண்டும். இடிப்பு போன்ற பேரிரைச்சல் வேலைகளை வார நாள்களில் காலை 9 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செய்யலாம்.

நமக்கும் இது எட்டாததல்ல. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுவதற்குச் சுயசான்றின் அடிப்படையில் இணையவழியில் உடனடி அனுமதி வழங்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. உள்வேலைகளுக்கும் அதே வழியைக் கைக்கொள்ளலாம். அனுமதி தேவைப்படாத வேலைகளின் பட்டியலைத் தமிழில் ஒரே பக்கத்தில் வெளியிட வேண்டும். சுவரை அகற்ற விரும்புவோர் கட்டமைப்புப் பொறியாளரின் சான்றைப் பதிவேற்றினால் சில நாள்களில் ஒப்புதல் கிடைக்க வேண்டும். சங்கங்கள் கட்டடத்தின் கட்டமைப்பு வரைபடங்களைக் கேட்டுப் பெற்றுப் பாதுகாக்க வேண்டும்.

மேல்வீட்டு இளைஞர் அன்றே வேலையை நிறுத்திப் பொறியாளரை அழைத்தார். அவர் இடித்தது சுமை தாங்காத தடுப்புச் சுவர்தான், அதில் தவறில்லை. ஆனால், மின்குழாய் பதிப்பதற்காக வேலையாள்கள் உத்திரத்தின் அடிப்பகுதியைக் கம்பி தெரியும் அளவுக்குக் கொத்தியிருந்தனர். அது அவருக்கே தெரியாது. செலவு செய்து சரிசெய்தார். என் கூரையையும் பூசிக் கொடுத்தார்.

அவரைக் கடிந்துகொள்ள எனக்குத் தகுதியில்லை. பத்து ஆண்டுகளுக்கு முன் யாரிடமும் சொல்லாமல் நான் குளியலறையை மாற்றியமைத்தேன். கீழ்வீட்டு அம்மையார் மூன்று மழைக்காலம், தம் கூரையிலிருந்து சொட்டிய நீருக்கு வாளி வைத்தார். நீர்க்காப்புப் பூச்சைச் சிதைத்தது என் வேலைதான் என்பதைப் பிறகே அறிந்தேன். ஒருவரின் செயல் பிறர் மீது ஏற்றும் செலவைப் பற்றி வகுப்பறையில் பாடம் நடத்திய காலம் அது. ஒரு நாள் முன்னதாக அவர் வீட்டுக் கதவைத் தட்டிச் சொல்லியிருக்கலாம்.